மெட்டலாக்சில்

மெட்டலாக்சில் என்பது ஊமைசீட்டுகள் எனப்படும் நீர்ப்பூஞ்சைகள் பயிர்களில் உண்டாக்கும் நோய்களைக் கட்டுப்படுத்தப் பயன்படும் ஊடுருவும் தன்மை கொண்ட பூஞ்சைக்கொல்லி ஆகும். இது பினைலமைடு என்னும் வேதிக் குழுவைச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனம் 1977 ஆம் ஆண்டில் இதனை அறிமுகப்படுத்தியது. ரிடோமில் என்னும் வணிகப் பெயரால் உழவர்களிடையே பெரிதும் அறியப்படுகின்றது.

தனி மருந்து ஏன் தேவைப்பட்டது?

நீர்ப்பூஞ்சைகள் தோற்றத்தில் பூஞ்சைகளை ஒத்திருப்பினும் உண்மையான பூஞ்சைகள் அல்ல. பழுப்புப் பாசிகளும் டயட்டம்களுமே இவற்றின் நெருங்கிய உறவினர். இவற்றின் செல்சுவர் பெரும்பாலும் செலுலோசு, குளுக்கான் ஆகியவற்றால் ஆனது. பூஞ்சைகளின் செல்சுவரில் உள்ள கைட்டின் இவற்றில் மிகக் குறைவு. பூஞ்சைகளுக்கு இன்றியமையாத எர்கோசுடெராலையும் இவை உருவாக்குவதில்லை. ஆகவே எர்கோசுடெரால் உருவாவதைத் தடுக்கும் டிரையசோல் வகை மருந்துகளால் இங்கு பயனில்லை. கார்பென்டசிமும் அவ்வாறே. கடையில் 'பூஞ்சை மருந்து' என்று மட்டும் கேட்டு வாங்குபவர் பணத்தையும் பயிரையும் ஒருங்கே இழப்பது இதனாலேயே.

உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றின் பின்பருவ இலைக்கருகல், திராட்சை, வெள்ளரி, கம்பு ஆகியவற்றின் அடிச்சாம்பல், நாற்றங்கால்களில் தோன்றும் நாற்றழுகல், மிளகின் வாடல், இஞ்சியின் கிழங்கழுகல் என்பன நீர்ப்பூஞ்சை நோய்களுள் முக்கியமானவை. ஈரம் மிகுந்த காலத்தில் இவற்றின் இயங்குவித்துகள் நீர்ப்படலத்தில் நீந்திப் பரவுகின்றன. 1885 இல் பிரான்சின் மில்லார்டே வெளியிட்ட போர்டோக் கலவை முதல் மாங்கோசெப் வரை, மெட்டலாக்சிலுக்கு முன்னர் பெரிதும் பயன்பட்டவை இலையின் மேற்பரப்பில் தங்கிக் காக்கும் மருந்துகளே. நோய் உள்ளே நுழைந்த பின்னர் அவை உதவா.

செயற்படும் விதம்

மெட்டலாக்சில் நீர்ப்பூஞ்சையின் ஆர்.என்.ஏ பாலிமரேசு-1 என்னும் நொதியைத் தடுக்கின்றது. இதனால் இரைபோசோம் ஆர்.என்.ஏ உருவாவது நின்று இழைகளின் வளர்ச்சியும் புதிய வித்துகளின் உற்பத்தியும் தடைப்படுகின்றன. முளைக்கும் வித்தில் ஏற்கனவே போதிய இரைபோசோம்கள் இருப்பதால் வித்து முளைப்பதை இது தடுப்பதில்லை. மாங்கோசெப் முளைப்பதைத் தடுப்பது. இரண்டையும் கலந்து விற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெளித்த மருந்து சைலம் வழியாக மேல்நோக்கிச் செல்வதால் புதிய தளிர்களும் ஓரளவு பாதுகாப்புப் பெறுகின்றன. ஆனால் வேரை நோக்கி மிகக் குறைவாகவே இறங்குகின்றது. எனவே வேர், தண்டடி அழுகல்களுக்கு மண்ணில் ஊற்றுவதும், கம்பின் அடிச்சாம்பல் நோய்க்கு விதைநேர்த்தி செய்வதும் வழக்கம். இந்தியாவில் கம்பு விதைக்கு இம்முறை பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றது. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோயால் வீரிய ஒட்டுக் கம்பு இரகங்கள் பெரும் அழிவைச் சந்தித்ததை நினைவிற் கொண்டால் இதன் மதிப்பு விளங்கும்.

மெட்டலாக்சில் இரு ஆடிப்பிம்ப வடிவங்களின் கலவை. அவற்றுள் ஒன்றே பெரிதும் செயற்படுகின்றது. அவ்வடிவம் மிகுதியாக உள்ள மெட்டலாக்சில்-எம் 1990களில் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழப் பாதி அளவிலேயே அதே பயனைத் தரும்.

எதிர்ப்புத்திறன்

இம்மருந்தின் வரலாற்றில் மிகுந்த படிப்பினை தருவது இப்பகுதியே. ஒரேயொரு நொதியை மட்டும் தாக்குவதால், அந்நொதியில் சிறு மரபு மாற்றம் கொண்ட நீர்ப்பூஞ்சை பிழைத்துப் பெருகிவிடுகின்றது. அறிமுகமாகி இரண்டே ஆண்டுகளில், 1979 இல், இசுரேலில் வெள்ளரியின் அடிச்சாம்பல் நோய்க்காரணி எதிர்ப்புக் காட்டியது. 1980 இல் அயர்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் உருளைக்கிழங்கு வயல்களில் மருந்து பலனளிக்கவில்லை. அங்கு மெட்டலாக்சில் தனியாகத் தெளிக்கப்பட்டிருந்தது. மாங்கோசெப்புடன் கலந்தே விற்கப்பட்ட பிரித்தானியாவில் அவ்வாண்டில் அத்தகைய தோல்வி ஏற்படவில்லை. அதன் பின்னர் இலைவழித் தெளிப்புக்குக் கலவையாகவே விற்பது பெரும்பாலான நாடுகளில் நடைமுறையானது. எனினும் கலவை எதிர்ப்பைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் தடுக்காது.

நீலகிரியில் பின்பருவ இலைக்கருகல் 1870-1880 காலப்பகுதியிலேயே பதிவானது. அண்மைக்காலத்தில், ஐரோப்பாவில் 2004 அளவில் அறியப்பட்ட 13_ஏ2 என்னும் மரபுவகை தென்னிந்தியாவை அடைந்து, 2009, 2010 ஆம் ஆண்டுகளில் தக்காளி, உருளைக்கிழங்குப் பயிர்களில் கடும் சேதம் விளைவித்தது. இவ்வகை மெட்டலாக்சிலுக்கு எதிர்ப்புடையது. இத்தகைய இடங்களில் அளவைக் கூட்டித் தெளிப்பது வீண். எதிர்ப்புள்ள வகை மட்டும் எஞ்சிப் பெருகுவதற்கே அது வழிசெய்யும். டைமெத்தோமார்ப், சைமாக்சனில் போன்ற வேறு முறையில் செயற்படும் மருந்துகளுக்கு மாற வேண்டும்.

கலவைத் துணையான மாங்கோசெப்பின் அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2020 இல் புதுப்பிக்க மறுத்துவிட்டது. இதனால் அங்கு மெட்டலாக்சில்-எம்முக்கு வேறு துணை மருந்துகள் தேவைப்படுகின்றன.