செல்வாக்கும் விண்ணப்பமும்: பிரிவு 163-உம் மயிலாப்பூர் வழக்கறிஞர்களும்

முன்னுரை

ஊதியம் பெற்றுப் பிறர்பொருட்டு அரசின் முடிவுகளைத் தம் பக்கம் திருப்ப முயல்பவர் லாபியிஸ்ட் எனப்படுகிறார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1890-இலேயே இத்தகையோர் பெயரைப் பதிவு செய்து செலவுக்கணக்கு அளிக்கவேண்டுமெனச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அத்தகைய பதிவுச்சட்டம் இல்லை. ஆனால் அத்தொழிலின் எல்லையை இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இலேயே வகுத்திருந்தது.

சட்டம் வகுத்த எல்லை

அரசு ஊழியரிடம் தனிப்பட்ட செல்வாக்கைச் செலுத்துவதற்காகக் கையூட்டுப் பெறுவதை அச்சட்டத்தின் 163-ஆம் பிரிவு குற்றமாக்கியது. தண்டனை ஓராண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். அப்பிரிவின் விளக்கக்காட்டு மூவரை விலக்கியது: கட்டணம் பெற்று வாதாடும் வழக்கறிஞர், அரசுக்கான விண்ணப்பத்தை ஊதியம் பெற்றுத் திருத்தி அமைப்பவர், தண்டனை பெற்றவருக்காக அரசிடம் முறையிடும் முகவர். ஆகவே ஊதியம் மட்டும் குற்றமன்று. ஊதியத்தோடு தனிச்செல்வாக்கும் கூடும்போதே குற்றம் பிறக்கிறது.

மயிலாப்பூர்ச் சூழல்

1884-இல் தோன்றிய சென்னை மகாஜன சபை, குறைகளை விண்ணப்பமாக்கி அரசின்முன் வைத்தது. அக்காலச் சென்னை அரசியலில் எஸ். சுப்பிரமணிய ஐயர், வி. கிருஷ்ணசாமி ஐயர், பி.எஸ். சிவசாமி ஐயர் முதலிய வழக்கறிஞர்கள் மயிலாப்பூர்க் குழுவினர் எனப்பட்டனர், சி. சங்கரன் நாயரைச் சார்ந்தோர் எழும்பூர்க் குழுவினர் எனப்பட்டனர். கிருஷ்ணசாமி ஐயர் 1909-இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1911-இல் ஆளுநரின் நிர்வாக சபையில் இடம்பெற்றார். 1912-இல் சிவசாமி ஐயர் அவ்விடத்திற்கு வந்தார். முன்பு வெளியில் நின்று முறையிட்டோர் முடிவெடுக்கும் அவையில் அமர்ந்தனர்.

இவ்வகைச் செல்வாக்கைப் பிரிவு 163 தீண்டவில்லை. கட்டணம் பெற்று வாதாடுவதும் விண்ணப்பம் வரைவதும் விளக்கக்காட்டின் பாதுகாப்பில் அமைந்தன. நட்பு, உறவு, பதவி ஆகியவற்றால் வரும் செல்வாக்கில் கைம்மாறு இல்லாதவிடத்துக் குற்றமும் இல்லை. பணத்தால் வாங்கும் செல்வாக்கைச் சட்டம் கண்டது. சமூக நிலையால் வாய்க்கும் செல்வாக்கைக் காணவில்லை.

முடிவுரை

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் பிரிவு 163-ஐ நீக்கி, அக்குற்றத்தைத் தன் 9-ஆம் பிரிவில் அமைத்தது; விளக்கக்காட்டு உடன்வரவில்லை. 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குற்றத்தை 7அ பிரிவாக மாற்றி அமைத்தது. தடுக்கப்பட்டது எது என்பது இன்றும் சட்டத்தில் உள்ளது. அனுமதிக்கப்பட்டது எது என்று சொன்ன பகுதி மறைந்துவிட்டது. லாபியிஸ்டுக்கு வரையறை வகுக்க முனைவோர் அப்பழைய விளக்கக்காட்டிலிருந்து தொடங்கலாம். ஆனால் ஊதியத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், மயிலாப்பூர் வரலாறு காட்டும் செல்வாக்கு மீண்டும் வரையறைக்கு வெளியிலேயே நிற்கும்.