விலைப்பட்டியலும் வெள்ளோட்டமும்

மென்பொருள் நிறுவனம் ஒன்று தன் இணையதளத்தின் முகப்பை, அதாவது பார்க்க வருவோர் கண்ணில் முதலில் படும் பக்கத்தை, வந்தவர் பயனராகப் பதிவு செய்யும் வண்ணம் ஓயாது திருத்திக்கொண்டிருப்பது இன்று தனித்தொழிலாகவே வளர்ந்துள்ளது. இத்தொழிலின் தமிழக வரலாறு பெரும்பாலும் சென்னையில் நிகழ்ந்ததாயினும் அதன் வேர்கள் தஞ்சை மண்டலம் வரை நீள்கின்றன. அதனை வளர்த்தவர்களுள் முதன்மையான இருவர் அம்மண்டலத்தோடு தொடர்புடையவர்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. முகப்பைத் திருத்தக் கையாளப்படும் முறையே வயல்வெளிச் சோதனையிலிருந்து பிறந்தது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. நெல் விளையும் நாட்டில் அது தெரிந்திருக்க வேண்டும்.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த ஸ்ரீதர் வேம்பு, உடன்பிறந்தோருடனும் டோனி தாமஸுடனும் சேர்ந்து 1996இல் தொடங்கிய நிறுவனம், அட்வென்ட்நெட் என்னும் பெயரில், தொலைத்தொடர்புக் கருவிகளைச் செய்யும் நிறுவனங்களுக்கு வலையமைப்பு மேலாண்மை மென்பொருளை விற்றுவந்தது. வாங்குவோர் சிலராகவும் ஒவ்வொரு விற்பனையும் பெரிதாகவும் இருந்ததால், நேரில் பேசி முடிக்கும் விற்பனை முறையே அதற்குப் பொருந்தியது. 2001இல் உலகெங்கும் தொலைத்தொடர்புத் துறை சரிந்து அந்த வாடிக்கையாளர் கூட்டம் மெலிந்தபோது, நிறுவனம் மேனேஜ்எஞ்ஜின் என்னும் புதிய வரிசையைத் தொடங்கிச் சாதாரண அலுவலகங்களின் கணினிப் பிரிவுகளை நாடியது. அத்தகைய அலுவலகங்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றும் கொடுக்கக்கூடிய தொகையோ, சென்னையிலிருந்து ஓர் ஆள் விமானத்தில் சென்றுவரும் செலவுக்குக்கூடக் காணாது. எனவே பொருளை விளக்குவதும், விலை சொல்வதும், கையில் கொடுத்துப் பார்க்கச் செய்வதுமாகிய விற்பனையாளரின் பணிகள் அனைத்தும் இணையப் பக்கத்தின் மீது வந்து விழுந்தன.

அத்துறையில் அன்று கோலோச்சிய ஹெச்பி, ஐபிஎம், பிஎம்சி, சிஏ ஆகிய பெருநிறுவனங்களிடம் விலையை அறிய வேண்டுமானால் விற்பனைப் பிரிவோடு பேசியாக வேண்டும் என்பதே பொது வழக்கமாயிருக்க, மேனேஜ்எஞ்ஜின் விலைப்பட்டியலைப் பக்கத்திலேயே வெளியிட்டதோடு, முப்பது நாள் வெள்ளோட்டத்தையும், அதாவது பணம் கட்டுமுன் மென்பொருளைப் பயன்படுத்திப் பார்க்கும் ஏற்பாட்டையும், எவரையும் கேளாமல் பதிவிறக்கிக்கொள்ளும்படி வைத்தது. பெயரும் ஊரும் அறியாத நிறுவனம் அயலாரின் நம்பிக்கையைப் பெறுவதற்கு இவ்விரண்டைவிட வலுவான சான்று வேறில்லை. 2005இல் அதே நிறுவனம் வெளியிட்ட சோஹோ ரைட்டர் என்னும் எழுத்துச்செயலி உலாவியிலேயே இயங்கியதால், பதிவிறக்கம் என்னும் தடையும் நீங்கி, மின்னஞ்சல் முகவரி ஒன்றைக் கொடுத்தவுடன் வேலையைத் தொடங்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. 2009இல் நிறுவனமே சோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அந்நிறுவனத்தில் பணியாற்றி இப்பாடத்தைக் கற்றவர் கிரீஷ் மாத்ருபூதம். திருச்சியில் பிறந்து, தஞ்சையின் சண்முகா பொறியியல் கல்லூரியில் (இன்றைய சாஸ்த்ரா பல்கலைக்கழகம்) பயின்ற இவர், வாடிக்கையாளர் குறைகளைப் பதிந்து தீர்க்க உதவும் ஜென்டெஸ்க் என்னும் மென்பொருளின் விலை 2010இல் உயர்த்தப்பட்டு, அதன் பயனர்கள் கொதித்தெழுந்ததைக் கண்டு, அதே ஆண்டில் ஷண் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். 2011 ஜூனில் விற்பனைக்கு வந்த அம்மென்பொருளுக்கு முதல் வாடிக்கையாளராக வாய்த்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து அட்வெல் கல்லூரி. அவ்வாண்டின் இறுதியில் போட்டி நிறுவனத்தின் தலைவரும் துறை நோக்கர் ஒருவரும் ஃப்ரெஷ்டெஸ்க்கை வெறும் நகல் என்று பொதுவெளியில் இகழ்ந்தபோது, புதிய நிறுவனம் ஒளிந்துகொள்ளவில்லை; அந்தக் குற்றச்சாட்டையும் தன் மறுமொழியையும் தாங்கிய தனி இணையதளம் ஒன்றை நிறுவி, தீர்ப்பைப் படிப்போரிடமே விட்டது. தமிழகத்து மென்பொருள் நிறுவனங்கள் வெளியிட்ட பக்கங்களுள் துணிவு மிக்கது அதுவே எனலாம். ஃப்ரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய இந்நிறுவனத்தின் பங்குகள் 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டன.

முகப்பின் எந்த வடிவம் அதிகப் பயனரை ஈர்க்கிறது என்பதை அறிய இந்நிறுவனங்கள் கையாளும் முறைக்கு ஏ-பி சோதனை என்று பெயர். பக்கத்தின் இரு வடிவங்களை ஆக்கி, வருவோரைக் குலுக்கல் போலப் பிரித்து, ஒரு சாராருக்கு ஒன்றையும் மறு சாராருக்கு மற்றொன்றையும் காட்டி, பதிவு செய்தோர் விகிதத்தை ஒப்பிடுவது இதன் சாரம். இதன் மூலக்கருத்து இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் பணியேற்ற ரொனால்டு ஃபிஷர் வகுத்தது. ஒரே வயலுக்குள்ளும் மண்வளம் இடத்துக்கிடம் மாறுவதால், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலால் தீர்மானித்து, அதனைப் பல பாத்திகளில் திரும்பச் செய்தாலன்றி, விளைச்சல் வேறுபாடு உரத்தால் வந்ததா மண்ணால் வந்ததா என்று சொல்ல இயலாது என்பதை அவர் நிறுவினார். 1935இல் வெளியான அவருடைய நூல் இம்முறையை உலகறியச் செய்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகுள் நிறுவனம், ஒரு பக்கத்தில் எத்தனை தேடல் முடிவுகளைக் காட்டலாம் என்று முதன்முதலாகச் சோதித்தபோது, பக்கங்கள் தாமதமாகத் திறந்ததால் அம்முயற்சி பழுதாயிற்று. வேகம் குன்றிய பக்கத்தை வருவோர் பொறுப்பதில்லை என்பது அதனால் தெரியவந்தது.

1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 1965இல் வெளியிட்ட ஏடிடி 27 என்னும் குறுகிய கால நெல், குறுவைப் பட்டத்தில் பரவிய விதமும் இங்கே கருதத்தக்கது. 1960இல் தஞ்சை மாவட்டத்தில் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டம், விதையின் பெருமையைச் சொல்லால் விளக்குவதோடு நில்லாமல், உழவர்களின் சொந்த வயலிலேயே செயல்விளக்கத் திடல்களை அமைத்தது. பக்கத்து வயலில் கதிரைக் கண்டவரே மறுபட்டத்தில் விதை கேட்டார். பொருளைப் பயன்படுத்திப் பார்த்தபின் வாங்கும் வெள்ளோட்டமும் இவ்வழக்கத்தின் உறவே.

ஆயினும் புதிதாகத் தொடங்கும் சிறு நிறுவனத்துக்கு ஏ-பி சோதனை உடனே பயன்படுவதில்லை. வருவோரில் நூற்றுக்கு மூவர் பதிவு செய்யும் பக்கத்தைத் திருத்தி அதனை நால்வராக்கினோமா என்பதை ஓரளவு உறுதியோடு அறிய, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வர வேண்டும் என்று புள்ளியியல் கணக்குக் காட்டுகிறது. நாளொன்றுக்கு ஐம்பது பேர் வரும் தளத்தில் அதற்கு ஆறு மாதத்துக்கு மேலாகும். அந்நிலையில் பொத்தானின் நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பது வீண். பாதியில் திரும்பிப் போனவரைத் தொலைபேசியில் அழைத்து, எது விளங்கவில்லை என்று கேட்பதே பலன் தரும்.

1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து உருவான கல்லணைக் கால்வாயால் நீர் பெறும், தென்னை மிகுந்த பட்டுக்கோட்டை வட்டாரத்தில் இவ்வரலாறு வேறு வகையாக அமைந்தது. தமிழ்ப் பக்கத்தைப் படிப்பதற்கே முதலில் எழுத்துருவைப் பதிவிறக்க வேண்டியிருந்த காலம் நெடுநாள் நீடித்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு எழுத்துருக் குறியீடுகளை ஒழுங்குபடுத்த முயன்றது. 2010இல்தான் மாநில அரசு ஒருங்குறி (யூனிகோடு) முறையை ஏற்றது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்து, கடைக்காரர்கள் கணினிக் கணக்குக்கு மாற நேர்ந்தபோதும், அவர்களை இணங்கவைத்தவர்கள் பெரும்பாலும் கணக்காளரும், கடைக்கே வந்து மென்பொருளை நிறுவிக் கொடுத்த டீலருமே. பெர்த் நகரத்துக் கல்லூரியை வென்ற சென்னையின் பக்கக்கலை, தேங்காய் மண்டிக்காரரை ஆங்கிலத்திலேயே அழைத்தது. அவர் அழைப்பை ஏற்காததில் அவர்மேல் குறையில்லை. உரிப்புக்கூலி, வண்டி வாடகை, எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கும் லாபக்காய்க் கழிவு ஆகியவை வரிசையாக இடம்பெற்ற மாதிரிப் பட்டியல் ஒன்றைத் தமிழில் முகப்பிலேயே வைத்து, அதனடியில் ஆண்டுச் சந்தாவை ரூபாயில் எழுதும் நிறுவனத்துக்கு, அந்த மண்டியில் முதல் வெள்ளோட்டம் கிடைக்கும்.