நாற்பதாம் வளைவு

கொங்கு நாட்டு ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டு பிறந்த கணித மேதை இராமானுஜனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 1729 என்னும் எண்ணும் உடன் வந்துவிடுகிறது. அதே கொங்கு நாட்டில் எனக்கு எதிர்ப்பட்ட வேறோர் எண்ணின் வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன். அவ்வெண் நாற்பது.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கும். ஒருமுறை பேருந்தில் செல்கையில், அவ்வெண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளைவின் எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி, வருவதோடு 41-ஐக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் வளைவில் 43 கிடைத்தது; இரண்டாவதில் 47; மூன்றாவதில் 53. ஆழியாறு அணை கீழே விரிந்து தோன்றும் ஒன்பதாவது வளைவில் 131. இவை யாவும் பகா எண்கள். அதாவது, ஒன்றாலும் தம்மாலும் அன்றிப் பிறிதொன்றால் மீதியின்றி வகுபடாதவை. ஏற ஏற இவ்வொழுங்கு பிறழவில்லை. முப்பத்தொன்பதாவது வளைவில் வந்த 1601-உம் பகா எண்ணே.

இவ்விந்தையை உலகுக்கு அறிவித்தவர் ஆய்லர். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து ருஷியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த அவர், ஏறத்தாழப் பார்வையை முற்றும் இழந்திருந்த 1772-ஆம் ஆண்டில், 41, 43, 47, 53 எனச் செல்லும் வரிசையின் முதல் நாற்பது எண்களும் பகா எண்களே என்று எடுத்துக் காட்டினார். வளைவுகள் தொடங்குமுன் அடிவாரத்தைச் சுழியம் எனக் கொண்டால் 41 வரும். அதனையும் சேர்த்தே நாற்பது.

ஆனால் நாற்பதாம் வளைவில் நிகழ்வது என்ன? நாற்பதை நாற்பத்தொன்றால் பெருக்கி 41-ஐக் கூட்டினால் 1681. இது 41-இன் வர்க்கம். பகா எண் அன்று. நாற்பது முறை மெய்யானது அடுத்த முறையே பொய்யாயிற்று. எத்தனை எடுத்துக்காட்டுகளை அடுக்கினாலும் அவை நிரூபணம் ஆகா என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி, 41-க்கு மட்டும் ஏன் இச்சிறப்பு? அதன் நான்கு மடங்கில் ஒன்று குறைய வரும் 163-இல்தான் மறைபொருள் உள்ளது என்பது 1913-ஆம் ஆண்டில் ராபினோவிச் என்பவரின் ஆய்வால் விளங்கிற்று. 41-ஐவிடப் பெரிய எண் எதற்கேனும் இதே பண்பு உண்டா என்ற வினா எஞ்சியது. இல்லை என்று 1952-இல் நிரூபணம் எழுதி வெளியிட்டார் ஜெர்மானியரான குர்ட் ஹேக்னர். வானொலிப் பொறியியலில் தேர்ந்த அவர் எந்தப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரும் அல்லர். அவருடைய நிரூபணத்தில் குறை இருப்பதாகக் கருதி அறிஞர்கள் ஒதுக்கிவிட்டனர். 1965-இல் ஹேக்னர் மறைந்தார். அடுத்த ஈராண்டுகளுக்குள் ஆலன் பேக்கரும் ஹெரால்டு ஸ்டார்க்கும் தனித்தனியே அம்முடிவையே நிலைநாட்டினர். பின்னர் ஹேக்னரின் கட்டுரையை மீண்டும் ஆராய்ந்தபோது, அடிப்படையில் அது சரியே எனத் தெரிய வந்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

மாணவ நண்பர்களே, நாற்பது சான்றுகளைக் கண்டு நம்பிவிடுவது ஒரு பிழை. எழுதியவர் யார் என்று பார்த்து நிரூபணத்தைப் படியாமல் விடுவது மற்றொரு பிழை. வால்பாறைக்குச் செல்லும்போது நீங்களும் வளைவுதோறும் இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாற்பதாம் வளைவுக்கு முன் நிறுத்திவிடாதீர்கள்.