ஆயர் தொப்பிக்குள் காதல் கதை

இன்று சட்டைக் காலர் விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைக்கிறார்கள். அந்தக் கால ஐரோப்பாவில் அதற்குப் பசை தோய்த்த துணியும், தாள்களை அடுக்கி ஒட்டிய அட்டையும், பழைய தோல் ஏடுகளும் பயன்பட்டன. வெளியே தெரியாத இடத்துக்குப் புதுத் தாள் எதற்கு? வேண்டாத புத்தகம் ஒன்று கிடைத்தால் போதும்.

நார்வே மன்னர் நான்காம் ஹாகோன் (1217–1263) பிரெஞ்சுக் காதல் கதைப் பாடல்களைத் தம் மக்களின் மொழியில் பெயர்க்கச் செய்தார். அதை 1270 வாக்கில் தோல் ஏடுகளில் எழுதிய பிரதி ஒன்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் சில ஏடுகளைக் காணோம்.

அவை இருந்த இடம் ஐஸ்லாந்து. ஸ்கால்ஹோல்ட் ஆயரின் உயரமான தொப்பி நிமிர்ந்து நிற்பதற்காக, அந்த ஏடுகளை வெட்டி உள்ளே வைத்துத் தைத்திருந்தார்கள்! சுவடி சேகரித்த ஆர்னி மாக்னுசனிடம் (1663–1730) பிறகு அவை வந்து சேர்ந்தன.

கத்தரி பட்ட இடத்தில் வரிகள் போய்விட்டன. ஆனாலும் துணிக்குள் ஒளிந்திருந்ததால்தான் மிச்சமாவது பிழைத்தது. அந்தத் தையற்காரரைத் திட்டுவதா, வாழ்த்துவதா?