அடுக்களை நிரப்பிய வீடுகள்

குற்றாலத்துச் சீசன் வீடுகளை அருவி நிரப்பியது என்பார்கள். எங்கள் ஆச்சி சீசனுக்கு வீட்டை வாடகைக்கு விட்டதைக் கூடவே இருந்து பார்த்து வளர்ந்தவள் நான். நிரப்பியது அடுக்களைதான் என்பேன்.

ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி, ஆவணியில் ஊர்மேல் சாரலைத் தூவும். மேலே மலையில் கொட்டும் மழை சிற்றாறாக இறங்கி, பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் மோதித் தணிந்து நம் தலையில் விழும். நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அந்தத் தண்ணீருக்கு அடியில் நின்றுவிட்டு வந்தவர்களுக்குத்தான் தெரியும், அதற்குப் பிறகு எடுக்கிற பசி. (எண்ணெய்க்கும் சோப்புக்கும் இப்போது அங்கே தடை, நல்ல தடை.) ஈரத்துணியோடு வரும் பிள்ளைகளுக்குச் சுடுசோறு உடனே வேண்டும். அதனால் அரிசி, பருப்பு, வத்தலோடு குடும்பமாக வந்து பொங்கிச் சாப்பிட ஒரு வீடு தேடினார்கள்.

முதலில் வந்தவர்கள் குற்றாலநாதரைக் கும்பிட வந்தவர்கள். சித்திரை விசு, ஐப்பசி விசு, நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையில் மார்கழித் திருவாதிரை என்று திருவிழாக்களுக்கு வண்டி கட்டி வந்து, மடங்களிலும் சத்திரங்களிலும் அடுப்பு மூட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அரசருக்கு இங்கே ஓர் அரண்மனை எழுந்தது. சாதாரணக் குடும்பங்களுக்கு வழி திறந்தது ரயில்தான். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை 1904இல் பாதை முழுமையானது. 1927இல் விருதுநகர்–தென்காசி பாதை வந்ததும் மதுரைக்காரர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் குற்றாலம் கிட்டத்து ஊராகிவிட்டது. பின்னர் ரசிகமணி டி.கே.சி. இங்கே குடியிருந்தபோது ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். பத்திரிகை படிக்கிற வீடுகளில் குற்றாலம் பேச்சானது.

ஆச்சிக்கு விளம்பரம் என்றால் தபால் கார்டுதான். வைகாசி முடியும்போது மேற்கே மலையைப் பார்ப்பாள். முகடு மூடி, காற்று திரும்பினால் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொல்வாள்: "சாரல் விழுந்தாச்சு. வெள்ளையடிச்சாச்சு. விறகு காய்ஞ்சு கிடக்கு. பெரிய உருளிக்கு ஈயம் பூசியாச்சு. எப்ப வாரிய?" அருவியைப் பற்றி ஒரு சொல்கூட இராது. அதைத்தான் ஊரே சொல்கிறதே என்பாள். அந்தந்த வீட்டுக்காரிக்கு என்ன கவலையோ அதற்கு மட்டும் கார்டில் பதில் இருக்கும். மாமியாருக்கு முட்டி வலி என்று போன வருசம் சொன்னவளுக்கு, மேடை அடுப்பு போட்டாச்சு என்று எழுதினோம். கைக்குழந்தைக்காரிக்குப் பசும்பால் ஏற்பாடு. பெரிய குடும்பத்துக்கு இரண்டாவது ஆட்டுக்கல். அவர்கள் வந்து இறங்கும் முதல் வேளைக்கு மட்டும் ஆச்சியே சொதி வைத்துக் கொடுப்பாள். அடுத்த வேளையிலிருந்து அடுக்களை அவர்களுடையது. பாத்திரத்தை எண்ணி ஒப்படைத்த பிறகு அந்த வாசல்படியை அவள் மிதித்ததில்லை. நாலு நாளைக்கு என்று வந்தவர்கள் பத்து நாள் இருந்தது இதனால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

அந்த அடுக்களை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தானே சமைத்துக்கொள்ளும் வழக்கத்தில் பசி மட்டுமல்ல, சாதியும் இருந்தது. பிறர் கைச்சோறு ஆகாது என்றவர்களுக்கு அது வசதி. வீட்டுக்காரர்களும் ஊரையும் பேரையும் விசாரித்தே சாவி கொடுத்தார்கள். எங்கள் தெருவிலும் அதுதான் நடைமுறை.

அதை அசைத்தவர்கள் அய்யப்ப சாமிகள். சபரிமலைக்கு மாலை போடுவது தமிழ்நாட்டில் பரவப் பரவ, கார்த்திகை தொடங்கி மகரவிளக்கு வரை இன்னொரு சீசன் பிறந்தது. செங்கோட்டை, அச்சன்கோவில் வழியாகப் போகிறவர்கள் அருவியில் குளித்துப் போக இறங்கினார்கள். ஒரு வேனில் பல சாதி, ஒரே குருசாமி, ஒரே அடுப்பு. 'சாமி' என்று கூப்பிட்டு வந்து நிற்கிறவரிடம் என்ன விசாரிக்க முடியும்? ஆச்சி விசாரிப்பதை விட்டாள். விரதத்துக்கென்று புதுப் பாத்திரம் வாங்கித் தனியாக வைத்தாள். கார்த்திகை பிறக்குமுன் அடுக்களையைக் கழுவி, மஞ்சள்நீர் தெளித்து, அதற்கும் கார்டு போட்டாள். குருசாமிகள் வருசாவருசம் அதே வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள்.

பிறகு லாட்ஜுகள் வந்தன. அறைக்குள் டிவி வந்தது, அடுப்பு போனது. சமைக்க இடமில்லாத சாமிகள் சாலையோரம் கேஸ் அடுப்பை இறக்கி, லாரிப் புழுதியில் சோறு வடிக்கிறார்கள். பார்க்கவே வயிறு கலங்குகிறது. வீடு விடும் என் தம்பி போனில் அனுப்புகிற படங்களில் கட்டிலும் குளியலறையும்தான் இருந்தன. அடுக்களையை முதல் படமாக வை, அண்டாவின் அளவை எழுது, எத்தனை பேருக்குப் பொங்கலாம் என்று சொல் என்றேன். அந்தப் படத்தை அனுப்பிய வாரமே மார்கழிக்கு இரண்டு குருசாமிகள் கூப்பிட்டுவிட்டார்கள். இருவரும் கேட்டது தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிது என்று. வாடகையை அதற்குப் பிறகுதான் கேட்டார்கள்.