சோமாலிய ஹவாலா: யாரைத் தாங்கியது, யாரைக் கைவிட்டது?

1991 ஜனவரியில் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தபோது சோமாலியாவின் மத்திய வங்கியும் சேர்ந்தே சரிந்தது. ஆனாலும் வெளிநாட்டுச் சோமாலியர் ஊருக்கு அனுப்பும் பணம் நிற்கவில்லை. 2010களில் அது ஆண்டுக்கு 120 கோடி டாலருக்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. அரசில்லாத மக்கள் தாமே கட்டியெழுப்பிய ஏற்பாடு என்று இதைப் புகழ்வது வழக்கம். ஆனால் இது அரசு விழுந்த பிறகு முளைத்ததல்ல. அரசு இருந்தபோதே அதன் பிழைகளுக்கு நடுவில் வளர்ந்தது. எந்தக் குலத்தார் முன்னதாகக் கடல் கடந்தார்கள் என்பது, பின்னாளில் எவர் வீட்டில் அடுப்பெரிந்தது என்பதையும் பெருமளவு தீர்மானித்தது.

1970களில் எண்ணெய் விலை ஏறியதும் சோமாலியர் பெருந்திரளாக வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார்கள். அரசு நிர்ணயித்த மாற்று விகிதத்தில் வங்கி வழியே பணம் அனுப்பினால் நட்டம். ஆகவே தொழிலாளி தன் சம்பளத்தை வணிகரிடம் கொடுத்தார். வணிகர் அதில் சரக்கு வாங்கி ஊரில் விற்று, ஷில்லிங்காகக் குடும்பத்திடம் சேர்த்தார். ‘பிராங்கோ வலூத்தா’ எனப்பட்ட இந்த முறையில் பழகிய வணிக வலைதான், முகவர்கள் வழியே நம்பிக்கையின் பேரில் பணம் அனுப்பும் பிற்கால ஹவாலாவுக்கு அடித்தளம். ஆட்சி கவிழ்ந்த பின் வந்த உள்நாட்டுப் போர்க்காலத்தில் தொலைபேசி இல்லாத ஊர்களுக்கு, யாருக்கு எவ்வளவு என்ற தகவல் வானொலிக் கருவி வழியே போனது. பணம் வாங்க வருபவரிடம் அடையாள அட்டை இருக்காது. முகவர் அவருடைய குலம், உட்குலம், பாட்டன் பெயர் என்று கேட்டு உறுதிசெய்துகொள்வார். ஒருவர் செய்த கொலைக்குக் குலத்தார் அனைவரும் சேர்ந்து ஈடு கட்டும் ‘மக்’ வழக்கத்தில் ஊறிய சமூகத்தில், குலப் பெயரே பிணையாக நின்றது.

இந்தப் பணம் வன்முறைக்குத் தீனி போடுகிறது என்பது ஹவாலா மீதான ஒரு குற்றச்சாட்டு. 2001 நவம்பர் 7 அன்று அமெரிக்கா அல்-பரகாத் என்ற ஹவாலா நிறுவனத்தை முடக்கியது இந்தச் சந்தேகத்தால்தான். செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த ஆணையத்தின் அலுவலர்களோ, அந்நிறுவனம் பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுத்ததற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை என்றே பின்னர் எழுதினார்கள். அதற்குள் எத்தனையோ எளிய குடும்பங்களின் பணம் முடங்கிப் போயிருந்தது. வேறொரு வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அரசில்லாத சோமாலியா முன்பைவிட நன்றாகவே இருந்தது என்று பொருளியலாளர் பீட்டர் லீசன் 2007இல் வாதிட்டார். அவர் ஒப்பிட்டது பாரே ஆட்சியின் இறுதி ஆண்டுகளோடு. 1988இல் தன் நாட்டு வடக்கு நகரான ஹர்கெய்சாவைத் தன் விமானங்களாலேயே குண்டுவீசித் தகர்த்த ஆட்சி அது. அதைவிட மேல் என்பது மிகத் தாழ்ந்த அளவுகோல். தவிர, நாட்டுச் சராசரிக்குள் பலருடைய துயரம் மறைந்துபோகிறது.

அப்படி மறைந்தது 2011இல் வெளிப்பட்டது. அப்போது தென்பகுதியைத் தாக்கிய பஞ்சத்தில் ஏறத்தாழ 2,58,000 பேர் மாண்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். வறட்சி மட்டுமே காரணமல்ல: அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழு உதவி நிறுவனங்களை விரட்டியது, அமெரிக்கத் தடைச் சட்டங்களுக்கு அஞ்சி உணவு உதவியும் சுருங்கியது. ஆனால் மிகக் கொடிய அடி விழுந்தது ஜூபா, ஷபெல்லே ஆறுகளை ஒட்டிய வளமான நிலப்பகுதியில். அங்கே வாழ்ந்த ரஹன்வெய்ன் மக்களுக்கும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த பாந்து உழவர்களுக்கும் வெளிநாட்டில் உறவினர் மிகக் குறைவு. வளைகுடா அலையில் அவர்கள் பெரிதாகச் சேரவில்லை. குலப் படிநிலையிலும் கீழே வைக்கப்பட்டிருந்தார்கள். பஞ்சம் முற்றிய பிறகு உதவி நிறுவனங்கள் அதே ஹவாலா முகவர்கள் வழியாகத் தென்பகுதிக் குடும்பங்களுக்குப் பணம் அனுப்பியபோது, அது போய்ச் சேர்ந்தது. வழி இருந்தது, முகவரும் இருந்தார். அதுவரை மறுமுனையில் அவர்களுக்காகப் பணம் கட்ட ஆளில்லை.