மலட்டு மாடு என்று விற்பதற்கு முன்: பசுவின் கருப்பையும் ஓமோன்களும்

வன்னியின் மீள்குடியேறிய கிராமங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு: "மூண்டு தரம் சினை ஊசி போட்டாச்சு, நிக்கேல்லை." 2009 இல் பட்டியோடு மாடுகளை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, வாழ்வாதார உதவியாகக் கிடைத்த அல்லது கடன்பட்டு வாங்கிய ஒரு பசுதான் இன்றைய வருமானம். அது கன்று போடாவிட்டால் பால் இல்லை. பால் இல்லாத மாட்டைத் தேடி வியாபாரி வீட்டுக்கே வருவார். கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்ணிடம் அவர் என்ன விலை பேசுவார் என்று சொல்லத் தேவையில்லை.

திரும்பத் திரும்பச் சினைப்படாத மாடெல்லாம் மலடு அல்ல. பல மாடுகளில் சிக்கல் கருப்பையிலும் அதை ஆட்டுவிக்கும் ஓமோன்களிலும் இருக்கிறது. அதில் கணிசமானவற்றைச் சரிசெய்யலாம்.

பசுவின் சுற்று சராசரியாக 21 நாட்கள். 18 முதல் 24 வரை போகலாம். வேட்கைக்கு வரும் நேரத்தில் சூலகத்திலிருந்து ஈஸ்திரஜன் கூடுதலாகச் சுரக்கிறது. கருப்பைக் கழுத்து திறக்கும், கண்ணாடி போன்ற சளி வழியும், கருப்பைச் சுவர் இறுகித் தளரும். உள்ளே கிருமி இருந்தால் அதை எதிர்க்கவும் வெளியே தள்ளவும் கருப்பைக்குப் பலம் உள்ள நாட்கள் இவை. முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சட்சடலம் உருவாகிப் புரொஜெஸ்தரோனைச் சுரக்கத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். கழுத்து மூடிக்கொள்ளும், சுவர் அமைதியாகும், கிருமி எதிர்ப்பும் குறையும். கரு தங்க இந்த அமைதி வேண்டும். கிருமி தங்கவும் இதே அமைதி வசதி.

சுற்றின் 16, 17ஆம் நாளளவில், உள்ளே கரு இருந்தால் அது தாய்க்கு ஒரு சைகை அனுப்பும். சைகை வராவிட்டால் கருப்பை புரொஸ்டாகிளாண்டின் என்ற ஓமோனை விடும். மஞ்சட்சடலம் கரையும், மாடு மீண்டும் வேட்கைக்கு வரும்.

ஏமாற்றம் நடப்பது இங்கேதான். கன்று போட்டபின் தொற்று ஏற்பட்டுச் சீழ் நிறைந்த கருப்பை, அந்தப் புரொஸ்டாகிளாண்டினைச் சரியாக விடாமல் போகலாம். மஞ்சட்சடலம் அப்படியே நிற்கும், கழுத்தும் பெரும்பாலும் மூடியே இருக்கும். மாடு வேட்கைக்கு வராததைப் பார்த்து வீட்டுக்காரர் "நிண்டிட்டுது" என்று மாதக்கணக்கில் காத்திருப்பார். வைத்தியர் கைவிட்டுப் பார்க்கும்போதுதான் கன்றில்லை, சீழ் என்று தெரியும். இதற்கு முதன்மையான வைத்தியம் புரொஸ்டாகிளாண்டின் ஊசி. மஞ்சட்சடலம் கரைந்து, சில நாட்களில் மாடு வேட்கைக்கு வர, கழுத்து திறந்து கருப்பை தன்னைத் தானே வெறுமையாக்கிக்கொள்ளும்.

அதே ஊசியைச் சினை மாட்டுக்குப் போட்டால் கன்று கலைந்துவிடும். வேட்கை முடிந்து முதல் ஐந்து நாட்களுக்குள் போட்டால் பெரும்பாலும் பலன் இல்லை. ஆகவே பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டது மிச்சம் இருக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கிவிடாதீர்கள். இன்னொன்று: இந்த மருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது பல வீடுகளில் பெண்கள்தான். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. தப்பித்தவறிப் பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

கன்று போட்ட அன்று கவனிக்க வேண்டியது இளங்கொடி. வழக்கமாக 12 மணித்தியாலத்துக்குள் விழும். 24 தாண்டியும் விழாவிட்டால் தொற்றுக்கு வழி. கையால் இழுப்பதும் பாரம் கட்டித் தொங்கவிடுவதும் கருப்பையைக் கிழிக்கும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஒட்சிடோசின் ஊசிக்கு, கன்று போட்டு ஓரிரு நாட்கள் போய்விட்டால் அது அவ்வளவாக இணங்காது. காய்ச்சல், நாற்றம், தீனி எடுக்காமை கண்டால் காத்திருக்க வேண்டாம்.

தீனி பற்றியும் சொல்ல வேண்டும். கறந்த பாலுக்கு ஈடாகச் சாப்பாடு கிடைக்காத மாட்டின் சூலகம் சோர்ந்துவிடும். வைக்கோலை மட்டும் நம்பியிருக்கும் வறட்சி மாதங்களில் விலா எலும்பு தெரிய நிற்கும் மாட்டுக்கு ஓமோன் ஊசி அடிப்பது வீண்செலவு என்றே நினைக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் வைத்தியர் முதலில் கேட்பது திகதி. சுவரில் தொங்கும் கோயில் கலண்டரே போதும்: கன்று போட்ட நாள், இளங்கொடி விழுந்த நேரம், ஒவ்வொரு வேட்கை நாள், சினை ஊசி போட்ட நாள். கன்று போட்டு 60 நாளளவு கழிந்தபின் சினை ஊசியைத் தொடங்கலாம். காலையில் வேட்கை கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை. சளி கலங்கலாகவோ நாற்றத்துடனோ இருந்தால் அந்தச் சுற்றில் சினை ஊசியை நிறுத்திவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள். மூன்று தரம் போட்டும் நிற்காத மாட்டுக்கு, நான்காவதைப் போடுவதற்கு முன்னர் கருப்பையைச் சோதித்துப் பார்க்கும்படி உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.